வேலூர்க் கோட்டை: முதலில் சுவரைப் பாருங்கள்

வேலூர்க் கோட்டைக்குப் போகலாமா, குழந்தைகளை அழைத்துப் போனால் பார்க்க என்ன இருக்கிறது என்று வெளியூர் உறவினர்கள் கேட்பதுண்டு. கட்டாயம் போங்கள் என்பதுதான் என் பதில். கூடவே ஒன்று சொல்லிவிடுவேன்: பாலத்தைக் கடந்ததும் உள்ளே ஓடிவிடாதீர்கள், முதலில் சுவரைப் பாருங்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் நேரே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, அருங்காட்சியகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அகழிக் கரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோட்டைக்குள் போனார்கள், வந்தார்கள். கோட்டையைப் பார்த்தார்களா என்றால் இல்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் காட்பாடியில் வீடு கட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். அப்பா கல்தச்சர். அம்மி, ஆட்டுக்கல், வாசற்படி, கோயில் படிக்கட்டு, தூண் என்று வாழ்நாள் முழுவதும் கருங்கல்லோடு இருந்தவர். முழங்கால் வலியால் இப்போது வேலைக்குப் போவதில்லை. கல்லைப் பார்த்தால் மட்டும் கை சும்மா இருக்காது. சென்ற மாதம் அவரையும், சென்னையில் கட்டடக் கலை படிக்கும் என் அக்கா மகனையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு காலையில் போனேன். கோட்டையைப் பற்றி நான் சொல்லப்போவதில் பாதி அப்பா சொன்னது.

முதலில் பொதுவான விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். கோட்டை ஊரின் நடுவில், பழைய பஸ் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கினால் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வர வேண்டும். பஸ்ஸும் ஆட்டோவும் எந்நேரமும் கிடைக்கும். கோட்டைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. பரப்பளவு 133 ஏக்கர். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகர அரசின் கீழிருந்த நாயக்கர்களின் காலத்தில் கட்டப்பட்டது. சின்ன பொம்மு நாயக்கர், திம்ம ரெட்டி நாயக்கர் என்ற இருவரின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தச் சின்ன பொம்மு நாயக்கர்தான் சைவ அறிஞர் அப்பைய தீட்சிதரை ஆதரித்தவர். அவருக்குப் பின் பீஜப்பூர், மராட்டியர், மொகலாயர், நவாப், ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி என்று கை மாறியது. ஆட்சி எத்தனை முறை மாறினாலும் சுவர் அதேதான்.

அந்தச் சுவருக்கு வருகிறேன்.

அகழியின் வெளிக்கரையில் நின்று எதிரே பாருங்கள். ஒரு சுவர்தான் இருப்பதாக முதலில் தோன்றும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இரண்டு தெரியும். தண்ணீரை ஒட்டி எழுவது தாழ்ந்த வெளிச்சுவர். அதற்குப் பின்னால், இடைவெளி விட்டு, உயரமாக எழுவது உள்சுவர். எதிரி எப்படியோ அகழியைத் தாண்டி முதல் சுவரில் ஏறிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் இறங்கும் இடம் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான பாதை. மேலே உள்சுவரில் நிற்பவர்களுக்கு அவன் முழுவதும் தெரிவான். அவனுக்கு ஒதுங்க இடமில்லை. இடையிடையே வட்டமாகவும் சதுரமாகவும் கொத்தளங்கள் முன்னுக்கு வந்து நிற்கின்றன. சுவர் ஒரே நேர்கோட்டில் போனால் அதன் அடிவாரத்தில் ஒட்டி நிற்பவனை மேலிருந்து பார்க்க முடியாது. கொத்தளம் முன்னே நீண்டிருப்பதால் பக்கவாட்டிலிருந்து பார்க்கலாம், சுடலாம். பீரங்கி பரவிக்கொண்டிருந்த காலத்துக் கட்டுமானம் இது. உயரத்தை மட்டும் நம்பாமல், சுற்றுப் பார்வையை நம்பிக் கட்டியிருக்கிறார்கள். அக்கா மகன் தன் குறிப்பேட்டில் இதைக் குறுக்கு வெட்டாக வரைந்து பார்த்துவிட்டு, "சித்தி, இதைப் பாடத்தில் படித்தபோது புரியவில்லை" என்றான். அகழி, தாழ்ந்த சுவர், பாதை, உயர்ந்த சுவர் என்ற நான்கும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பது வரைந்தால்தான் விளங்குகிறது. உங்கள் வீட்டில் படம் வரையும் பிள்ளை இருந்தால் பென்சிலும் தாளும் கொடுத்து அழைத்துப் போங்கள்.

அப்பாவுக்கு வரைபடத்தில் ஆர்வமில்லை. பாலத்தைத் தாண்டிச் சுவரருகே போனதும் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு கல்லின் விளிம்பைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று பேரனைக் கூப்பிட்டார்.

"இங்கே விரலை வைத்துப் பார்டா."

கல்லின் மேல் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் விரல் நுனி சரியாக உட்கார்ந்தது. பாறையிலிருந்து அந்தக் கல்லைப் பிளந்தபோது ஆப்பு வைத்த குழிகள் அவை. பிளக்க வேண்டிய கோட்டில் உளியால் வரிசையாகக் குழி வெட்டி, ஒவ்வொரு குழியிலும் இரும்பு ஆப்பை இறக்கி, சம்மட்டியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அளவாக அடித்துக்கொண்டே போவார்கள். ஆத்திரப்பட்டு ஒரே ஆப்பை ஓங்கி அடித்தால் கல் கோணலாகப் போய்விடும். இரண்டு மூன்று முறை போய் வந்த பிறகு சத்தம் மாறும். கணீரென்று ஒலித்தது மந்தமாகும். அந்தச் சத்தம் கேட்டதும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கல் தானாக வாய் திறக்கும். இதையெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். இன்றும் கை வேலையாகக் கல் உடைக்கும் இடங்களில் இதே முறைதான். கோட்டைக்கு வேண்டிய கருங்கல் ஆற்காடு, சித்தூர் பக்கத்துப் பாறைகளிலிருந்து வந்தது. அந்தப் பாறைகளின் குணம் அப்பாவின் கைக்குத் தெரியும்.

"பாதிக் குழி இந்தக் கல்லில் இருக்கிறது. மீதிப் பாதி இதன் ஜோடிக் கல்லில் இருக்கும். அதுவும் இந்தச் சுவரில்தான் எங்கேயாவது இருக்க வேண்டும்" என்றார்.

பையன் அதற்கப்புறம் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. குழிகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கைவிரலால் அளந்துகொண்டு ஒவ்வொரு கல்லாகத் தேடிக்கொண்டு போனான். ஜோடி கிடைக்கவில்லை. ஆனால் ஆப்புக் குழி உள்ள கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. குழியின் அகலமும் இடைவெளியும் இடத்துக்கு இடம் வேறுபடுவதையும் கண்டுபிடித்தான். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு உளி. இவ்வளவு பெரிய மதிலை எத்தனை கைகள் சேர்ந்து கட்டியிருக்கும் என்பதை எந்தப் பலகையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

கற்கள் ஒரே அளவில் இல்லை. பெரியதும் சிறியதுமாக, ஒன்றுக்கொன்று இடம் பார்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். கீழ்ப்பகுதியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்து தெரியவில்லை. எடையும் பொருத்தமும்தான் பிடிமானம். உச்சியில் மட்டும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு மதில்முனைகள் கட்டியிருக்கிறார்கள். இதில் ஒரு தொழில் நுட்பம் இருக்கிறது. தண்ணீரை ஒட்டி நிற்கிற சுவருக்குப் பின்னால் ஈரம் சேரத்தான் செய்யும். மழைக்காலத்தில் மண் தண்ணீரைக் குடித்து வீங்கிச் சுவரை முன்னுக்குத் தள்ளும். இப்போது நாங்கள் தடுப்புச் சுவர் கட்டும்போது அந்தத் தண்ணீர் வெளியேற இடையிடையே குழாய் வைக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு மனைப் பிரிவில் மலையடிவாரத்தில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் தடுப்புச் சுவர் ஒரே மழைக்காலத்தில் சாய்ந்தது. காரணம், செலவை மிச்சப்படுத்த அந்தக் குழாய்களை விட்டுவிட்டார்கள். சாந்தில்லாத கல் சுவரில் ஒவ்வொரு இடுக்கும் ஒரு குழாய்தான். தண்ணீர் கசிந்து வெளியே போய்விடும், சுவர் நிற்கும். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

அதே இடுக்கு ஆபத்தும் கூட. பறவை எச்சத்தில் விழுந்த அரச விதை ஒன்று போதும். நாங்கள் பார்த்த ஒரு கொத்தளத்தில் இரண்டு கற்களுக்கு நடுவில் அரசங்கன்று முளைத்து, வேர் விரல் தடிமனுக்கு வந்திருந்தது. மேல் கல் ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. கிளையை மட்டும் வெட்டிவிட்டுப் போனால் வேர் இன்னும் உரமாகப் பருக்கும். கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்தால் அரை நாள் வேலை. பத்து ஆண்டு விட்டுவிட்டால் சாரம் கட்டி, கற்களைக் கழற்றி, எண் எழுதி வைத்து, மறுபடியும் அடுக்க வேண்டும். இடுக்கைச் சிமென்ட்டால் அடைத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். சிமென்ட் கெட்டி, தண்ணீருக்கு வழி விடாது, ஈரம் பின்னாலேயே தங்கிச் சுவரைத் தள்ளும். பழைய செங்கல் பகுதிக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் மருந்து. பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மழைக்கு முன்னால் ஒரு முறை சுவரைச் சுற்றி வந்து கன்றுகளைப் பிடுங்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அகழியைத் தனியே சொல்ல வேண்டும். பலர் அதை ஒரு குளம் என்று நினைத்துவிடுகிறார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த சூரியகுண்டம் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக அகழிக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். திறந்த வாய்க்காலாக இருந்திருந்தால் முற்றுகை போடுகிறவன் முதல் நாளே அதை அடைத்திருப்பான். அகழியில் முதலைகளை விட்டிருந்ததாக ஊரில் எல்லோரும் சொல்வார்கள். விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை இருந்ததாகவும் சொல்வார்கள். தேடிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு அப்படி ஒரு பாதை கிடைக்கவில்லை. கட்டடம் கட்டுகிறவள் என்ற முறையில் எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. விரிஞ்சிபுரம் பாலாற்றங்கரையில், பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆற்று மணலும் ஊற்றும் நிறைந்த மண்ணில் அவ்வளவு தூரம் தோண்டித் தண்ணீர் புகாமல் காப்பது இன்றைய இயந்திரங்களுக்கே பெரும்பாடு. குழந்தைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். கூடவே நிஜமான நிலத்தடிக் கால்வாயையும் சொல்லுங்கள். அது கதையைவிடச் சுவாரசியமானது.

அகழித் தண்ணீர் இப்போது இருக்கும் நிலை மனத்துக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் போன அன்று மூலைகளில் பாசியும் தண்ணீர் பாட்டில்களும் சேர்ந்து கிடந்தன. கரையில் உட்கார்ந்து தின்றுவிட்டுக் காகிதத் தட்டை அப்படியே வீசுகிறவர்களைக் கண்ணால் பார்த்தேன். குப்பைத் தொட்டி இருந்தும் வீசுகிறார்கள். இந்த விஷயத்தில் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இன்று வண்டிகள் நேராக உள்ளே போகின்றன. அந்தக் காலக் கோட்டைகளில் வாசல் வழி நேராக இருக்காது. யானை ஓடிவந்து கதவை முட்ட வேகம் கிடைக்காதபடி வளைத்துத்தான் கட்டுவார்கள். எவ்வளவு வளைத்தாலும் எந்தக் கோட்டைக்கும் வாசல்தான் பலவீனம். 1806 ஜூலை 10-ஆம் தேதி அதிகாலை இங்கே கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தலைப்பாகைக்குப் பதில் தோல் பட்டை வைத்த புதுத் தொப்பி, நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள்தான் உடனடிக் காரணம். கோட்டை அவர்கள் கைக்கு வந்தது. செய்தி ஆற்காட்டுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப் படையோடு விரைந்து வந்தார். மதிலை உடைக்க அவர்களால் முடியவில்லை. மதில் மேல் தப்பி நின்ற ஆங்கிலேயச் சிப்பாய்கள் கில்லெஸ்பியைக் கயிற்றில் மேலே தூக்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த பீரங்கிகள் வாசற்கதவைத் தகர்த்தன. குதிரைப் படை உள்ளே புகுந்தது. அதற்கப்புறம் நடந்தது படுகொலை. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். வாசலில் நின்றுகொண்டு இதை நினைத்துப் பாருங்கள், அந்தக் காலை எப்படிப் போயிருக்கும் என்று விளங்கும். வெளியே மக்கான் சந்திப்பில் அவர்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. கோட்டைக்கு வருகிறவர்கள் அங்கேயும் போக வேண்டும்.

கோயிலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் கல்யாண மண்டபத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கோபுர வாசலைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் இருக்கிறது. நேரே சந்நிதிக்கு ஓடுகிறவர்கள் திரும்பி வரும்போதாவது இங்கே உட்காருங்கள். தூண் ஒவ்வொன்றும் ஒரே கல். யாளி பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது, அதன் மேல் வீரன், கீழே இன்னொரு மிருகம், அதன் கீழே ஓர் ஆள். எல்லாமே தூணிலிருந்து பிரிந்து வெளியே நிற்கின்றன. ஆனால் எதுவும் தனியாகச் செய்து ஒட்டியதல்ல. அப்பா யாளியின் வயிற்றுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் கையை நுழைத்துக் காட்டினார். அந்த இடைவெளியைக் குடைவதுதான் கடினமாம். முன்பக்கம் கண், பல், பிடரி எல்லாம் செய்வதற்கு உளியை வசதியான கோணத்தில் பிடிக்கலாம். பின்பக்கத்தில் சுத்தியலை வீசவே இடமிருக்காது. சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டிப் பொடியாகத்தான் எடுக்க வேண்டும். ஒரு தட்டு கூடினால் கால் உடையும். கால் உடைந்தால் தூணே போயிற்று. வேறு கல் கொண்டுவர வேண்டும். "இந்த வேலைக்கு அவசரக்காரனை விட மாட்டார்கள்" என்றார். பிறகு அதே தூணுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். முழங்கால் வலிக்கு அல்ல. கீழிருந்து பார்க்க வேண்டும் என்றார்.

காளையும் யானையும் ஒரே தலையில் சேர்ந்த சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. காளையின் திமிலும் யானையின் நெற்றியும் எங்கே சேர்கின்றன என்று பாருங்கள். கோடு ஒன்றுதான், இரண்டு மிருகத்துக்கும் பொருந்துகிறது. குழந்தைகள் இதை விட்டு நகர மாட்டார்கள். மண்டபத்தின் கொடுங்கையையும் பாருங்கள். அவ்வளவு பளுவான கல் வளைந்து வெளியே நீண்டு, மழைத் தண்ணீரைச் சிற்பங்கள் மேல் விழவிடாமல் தள்ளிக் கொட்டுகிறது. இந்தத் தூண்களின் கூர்மை இன்றும் மழுங்காமல் இருப்பதற்குக் கொடுங்கையும் ஒரு காரணம். நான் கட்டும் வீடுகளில் ஜன்னலுக்கு மேல் ஒன்றரை அடிச் சாய்ப்பு போதும் என்று பேரம் பேசுகிறவர்களை இங்கே அழைத்துவந்து நிறுத்த ஆசை.

இந்தக் கோயிலில் மிக நீண்ட காலம் வழிபாடு இல்லாமல் இருந்தது. கம்பெனிப் படையின் கிடங்காகக் கூட இருந்திருக்கிறது. 'சாமி இல்லாத கோயில்' என்று எங்கள் ஊரைச் சொல்லிக்காட்டுவார்கள். சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981 மார்ச் 16-ஆம் தேதி மறுபடியும் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். அன்று நடந்ததை அப்பா இன்றும் கண் கலங்கித்தான் சொல்வார். கோயிலின் தரை தாழ்வானது. நாங்கள் மட்டம் பார்க்கும் ரப்பர் குழாயில் இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்பது போல, அகழியில் மட்டம் ஏறினால் கோயிலுக்குள்ளும் ஊற்றெடுக்கும். 2021 நவம்பர் மழையில் அகழி நிரம்பிக் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊரே பார்த்தது. உபரித் தண்ணீர் ஆற்றுக்குப் போகும் வழி திறந்திருக்கிறதா என்பதுதான் இந்தக் கோட்டையைப் பொறுத்தவரை ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.

கோட்டைக்குள் உள்ள மகால்கள் என்ற அரண்மனைக் கட்டடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்புவின் குடும்பத்தை இங்கேதான் வைத்திருந்தார்கள். இலங்கையின் கண்டி அரசில் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கரும் இங்கே சிறையிருந்து 1832-இல் இறந்தார். அவருடைய சமாதி பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் இருக்கிறது. கோட்டைக்குள் இன்றும் அரசு அலுவலகங்களும் காவலர் பயிற்சியும் நடப்பதால் எல்லாக் கட்டடத்துக்குள்ளும் போக முடியாது. வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். 1846-இல் கட்டிய புனித யோவான் தேவாலயம் ஆடம்பரம் இல்லாத, அழகான சுண்ணாம்புக் கட்டடம். பள்ளிவாசலும் அருகிலேயே இருக்கிறது.

அரசு அருங்காட்சியகத்தில் எனக்குப் பிடித்தவை நடுகற்கள். போரில் செத்த வீரனுக்கும், ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கும் ஊரார் நட்ட கல். கல்யாண மண்டபத்து யாளியைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், ஒரு பலகைக் கல்லில் நாலு கோட்டில் ஆளையும் வில்லையும் காட்டிய கை வேறு விதமான கை என்று தெரியும். இரண்டும் எங்கள் மாவட்டத்துக் கல்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

இனி குறைகள். கோட்டை எப்போது கட்டப்பட்டது, யார் ஆண்டார்கள் என்று சொல்லப் பலகை இருக்கிறது. சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்ல எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆப்புக் குழி உள்ள ஒரு கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைக்க என்ன செலவாகும்? இரட்டைச் சுவரின் குறுக்கு வெட்டுப் படம் ஒன்றை அகழிக் கரையில் வைத்தால் போகிற வருகிற பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். முன்பொரு முறை வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டு கூட வந்தவர் சுரங்கப்பாதைக் கதையையும் முதலைக் கதையையும் சொல்லிவிட்டுக் காசு கேட்டார். கல்லைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன், பதில் இல்லை. இங்கே கல் வேலை தெரிந்த முதியவர்கள் இந்த மாவட்டம் முழுவதும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களில் ஒருவரை மரியாதையோடு கூப்பிட்டு உட்கார வைத்தால் போதும். அப்பாவைச் சுற்றி அன்று பத்துப் பேர் கூடிவிட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

கூடியவர்களில் பாதிப் பேர் வங்காளிகள். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து வாரக் கணக்கில் விடுதியில் தங்கியிருக்கும் குடும்பங்கள். மருத்துவமனைக்கும் விடுதிக்கும் நடுவில் அவர்களுக்கு மனம் ஆற உள்ள இடம் இந்தக் கோட்டைதான். நோயாளியைத் தூங்க வைத்துவிட்டு மாலையில் வந்து புல்லில் உட்கார்ந்திருப்பார்கள். தமிழும் ஆங்கிலமும் தெரியாத அந்த மக்களுக்கு வங்காளத்திலும் இந்தியிலும் ஒரு வழிப்படம் வைத்தால் பெரிய உபகாரமாக இருக்கும். அன்று ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், அப்பா காட்டிய குழியில் தானும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அவர் மொழியில் ஏதோ கேட்டார். பையன் தனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினான். சம்மட்டி அடிப்பதை அப்பா கையாலேயே செய்து காட்டினார்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: நடை அதிகம், நிழலில் உட்காரும் இடம் குறைவு. மதிலை ஒட்டி நடக்கும்போது தரை சமமாக இருக்காது. நல்ல செருப்பு வேண்டும். கோயிலுக்குள் போகும்போது செருப்பை விட வேண்டும், வெயில் ஏறினால் கருங்கல் தரையில் கால் வைக்க முடியாது. எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. பங்குனியிலிருந்து ஆவணி வரை காலை ஏழு மணிக்கு அங்கே இருங்கள். அந்நேரத்தில் நடைப் பயிற்சிக்காரர்கள் தவிரக் கூட்டம் இருக்காது, கிழக்கு வெயில் சுவர் மேல் சாய்வாக விழும்போது உளித் தடம் ஒவ்வொன்றும் எழும்பித் தெரியும். உச்சி வெயிலில் அது தெரியாது. கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், ஆகவே சுவரை முதலில் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போனாலும் நேரம் இருக்கும். தண்ணீரும் குடையும் கையில் இருக்கட்டும்.

மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, சாயங்காலம் ரயில் என்பவர்கள் அருங்காட்சியகத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு, அகழியின் வெளிக்கரையில் கால் மணி நேரம், மதிலருகே கால் மணி நேரம், மீதி நேரம் கல்யாண மண்டபம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆற்காட்டுப் பக்கம் போகிறவர்களாக இருந்தால் பாலாற்றங்கரையில் டெல்லி கேட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம். அங்கே இருந்த கோட்டையில் மிஞ்சி நிற்பது அந்த வாசல்தான்.